சனிக்கிழமை வீட்டுக்காரி

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மீனலோசனி புடவை மாற்றி, வாரிய தலையைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, இடுப்பில் ஒரு துண்டைச் செருகிக்கொண்டால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தலையைக் கலைப்பது முக்கியம். சொல்லாமல் வந்த விருந்தாளிக்குக் கதவு திறக்கிறவள் படிய வாரிய தலையோடு நின்றால் யார் நம்புவார்கள்?

மதுரை விளாங்குடியில் இருந்த அந்த இரண்டு படுக்கையறை வீட்டைக் கட்டி நூற்றிருபது வருடம் ஆகிறது. அரண்மனையும் இல்லை, தலைவர் பிறந்த இடமும் இல்லை. லோகநாதன் என்ற பள்ளிக்கூட எழுத்தர் கடன் வாங்கிக் கட்டிய சாதாரண வீடு. அந்தக் காலத்து வீடுகளில் ஊரில் மிஞ்சியது அது ஒன்றுதான் என்பதால் அருங்காட்சியகம் ஆகிவிட்டது. சோபாவின் மேல் போட்ட துண்டு, அந்தத் துண்டு அழுக்காகாமல் இருக்க அதன்மேல் போட்ட இன்னொரு துண்டு, எல்லாம் அப்படியே இருந்தன. சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஒரு பைக்குள் எண்பத்து நான்கு பைகள் இருந்தன. பக்கத்துப் பலகையில் 'காரணம் ஆய்வில் உள்ளது' என்று எழுதியிருந்தார்கள்.

ஆனால் கூட்டம் பைகளைப் பார்க்க வரவில்லை. வாசலில் இருந்த பொத்தானை அழுத்த வந்தது. அழுத்தினால் உள்ளே குருவி கத்தும். வந்திருப்பது யார் என்று தெரியாமலே, வீட்டுக்காரி வேடத்தில் ஒரு பெண் வந்து கதவைத் திறப்பாள். சனிக்கிழமைகளில் அது மீனலோசனி. 'அடடே, வாங்க வாங்க' என்பாள். அந்த இடத்தில் பார்வையாளர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். சிலர் வெளியே போய் மறுபடி வரிசையில் நிற்பார்கள்.

நிற்கமாட்டார்களா பின்னே? வெளியே, நிஜ மதுரையில், ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போக மூன்று நாள் முன்பே விண்ணப்பம் போட்டு முன்னிசைவு வாங்க வேண்டும். எத்தனை மணிக்கு வருவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, என்ன பேசுவது என்பதுவரை அதில் இருக்கும். முன்னிசைவு இல்லாதவருக்குக் கதவறிவு திறக்காது. கதவறிவு என்பது பெரிய விஷயமில்லை, கதவுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு கணினி. விண்ணப்பம் நிரப்புகிற சோம்பலிலேயே ஊரில் பாதிப் பேர் அடுத்தவர் வீட்டுக்குப் போய்வருவதையே விட்டுவிட்டார்கள். மீனலோசனி வீட்டுக்கு ஆள் வந்து பதினோரு வருடம் ஆகிறது. சரக்கு ட்ரோன்களின் வழித்தடம் சரிபார்க்கும் உத்தியோகமும் அவளுக்கு வீட்டிலிருந்தேதான். அந்த ஒரு சனிக்கிழமைக்காக, சம்பளமில்லாத அந்தத் தொண்டுக்காகத்தான், மற்ற ஆறு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அன்று கடைசியாக வந்தவர் பால்துரை. ஐம்பது வயதிருக்கும், நீர்க்குழாய் பழுது பார்க்கிறவர், மூன்றாவது சனிக்கிழமையாக வருகிறார். காபி குடித்தார், மூட்டுவலியைப் பற்றிப் பேசினார், "அப்ப வரேங்க" என்று எழுந்தார். காட்சியின் சிறப்பே அதற்குப் பிறகுதான். பழைய காலத்தில் கிளம்புகிறேன் என்றவர் உடனே கிளம்பிவிட மாட்டார். வாசலில் ஒரு கால், செருப்பில் ஒரு காலாக நின்று இன்னும் அரைமணி பேசுவார். காட்சியகக் குறிப்பேட்டில் இதற்கு 'வாசல் பேச்சு' என்று பெயர், எட்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அன்று இருபத்தைந்து நிமிடம் ஓடியது.

குறிப்பேட்டில் உள்ளபடி மீனலோசனி முடித்தாள். "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்க."

குறிப்பேட்டில் உள்ளபடி அவர் கும்பிட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். மனிதர் "வீடு எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டுவிட்டார்.

"கூடல்நகர் ஏழாங் கோபுரம், பதினொன்னாவது தளம், கடைசி வீடு. நாலு மணிக்கு மேல சும்மாதான் இருப்பேன்."

"நாளைக்கு வரட்டுங்களா?"

"தாராளமா வாங்க."

சொன்னது தன் நிஜ முகவரி என்று அவளுக்கு உறைத்தபோது பால்துரை தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் காட்சியகப் பொறுப்பாளர் செய்யது ரபீக் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, நடிக்கச் சொன்னா நெசமாவே கூப்பிட்டீங்களா?"

"வாய் தவறி வந்திருச்சு சார்."

"அந்தாளு வந்து நின்னு, நீங்க எப்படியாவது உள்ள விட்டீங்கன்னா கதவு புகார் எழுதிரும். புகார்ல பேரு வந்தா தொண்டர் பட்டியல்ல வச்சிருக்க முடியாது, நிர்வாகம் கதவு சொல்றதத்தான் நம்பும். பேசாம நிராகரிச்சிருங்க. ஒரு சொல்லுதான்." பிறகு அவரே சிரித்தார். "இதுல கூத்து என்னன்னா, அது சட்டமே இல்லீங்க. தொத்துக் காய்ச்சல் வருசங்கள்ல போட்ட உத்தரவு. நாப்பது வருசத்துக்கு முன்னாடியே வாபஸ் வாங்கிட்டாங்க. கதவுங்களுக்குத்தான் யாரும் சொல்லல."

மறுநாள் மூன்றரைக்கே அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் ஒரே நாற்காலி, ஒரே டம்ளர். அவர் எங்கே வரப்போகிறார் என்று சொல்லிக்கொண்டாள். வரவேண்டும் என்று அதே மூச்சில் வேண்டிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, கேட்காமல் கொள்ளாமல், தன்னைப் பார்க்கவென்று ஒரு ஆள் வந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. சனிக்கிழமை வருகிற அத்தனை பேரும் வீட்டுக்காரியைப் பார்க்க வருகிறவர்கள், மீனலோசனியை இல்லை.

நாலு ஐந்துக்குக் கதவு பேசியது. "முன்னிசைவு இல்லாத நபர். நிராகரிக்கவா, புகார் அளிக்கவா?"

"தொற."

"அப்படி ஒரு தெரிவு இல்லை. நிராகரிக்கவா, புகார் அளிக்கவா?"

கதவுத் திரையில் பால்துரை தெரிந்தார். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வெறுங்கையோடு போகக்கூடாது என்று காட்சியகப் பலகையில் இருந்ததைப் படித்திருக்கிறார். மணிப் பொத்தானைத் தேடினார். இந்தக் காலத்துக் கதவில் அது எங்கே இருக்கப்போகிறது? தேடி அலுத்து, விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். தட்டு வாங்கிப் பழக்கமில்லாத கதவு, கேட்ட கேள்வியையே மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

'நிராகரி' என்று ஒரு சொல். சொன்னால் சனிக்கிழமை பிழைக்கும். பழத்தோடு வந்தவர் பழத்தோடு திரும்புவார். சனிக்கிழமை போனால் போகிறது என்று சுவரில் இருந்த சின்னக் கண்ணாடி மூடியை உடைத்து, தீ விபத்துக்கென்று வைத்திருந்த சிவப்புக் கைப்பிடியை இழுத்தாள்.

கதவு திறந்தது. அவள் கதவு மட்டுமில்லை. தீ என்றால் தளத்தில் உள்ள அத்தனை கதவும் திறக்கும்படி யாரோ ஒரு புண்ணியவான் அமைத்திருந்தான். மணி கணகணவென்று அடிக்க, பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் பதறியடித்து நடைபாதைக்கு ஓடிவந்தார்கள். பாதிச் சவரத்தோடு ஒருவர், கையெல்லாம் மாவோடு ஒருவர், இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மாள். பல வருடம் ஒரே தளத்தில் இருந்தும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நெருப்பைத் தேடினார்கள். நடைபாதையில் வாழைப்பழத்தோடு ஒரு ஆள்தான் நின்றார்.

"எங்கங்க தீ?" என்றார் பாதிச் சவரக்காரர்.

"தீயெல்லாம் இல்லைங்க. விருந்தாளி வந்திருக்காரு."

"யாருக்கு?" என்றார் அவர். கோபம் இல்லை, குரலில் இருந்தது பொறாமைதான்.

"எனக்கு," என்றாள் மீனலோசனி. தலை கலைந்திருந்தது. இந்தத் தடவை அதை அவள் கலைத்துவிடவில்லை. "அடடே, வாங்க வாங்க. எல்லாருந்தான், வாங்க. சாப்பிட்டீங்களா?"

ஒற்றை நாற்காலி வீட்டுக்குள் அத்தனை பேர் எங்கே உட்காருவது? அவரவர் டம்ளரை எடுத்துவந்து வாசலிலேயே நின்றார்கள். மாவுக் கைக்காரர் வடை சுட்டுக்கொண்டு வந்தார். பால்துரை தன் மூட்டுவலியைத் தொடங்கியதும், தளம் முழுக்க மூட்டுவலி இருப்பது தெரியவந்தது. குழந்தை யார் யார் வீட்டுக்குள்ளோ புகுந்து புறப்பட்டது. மூச்சிரைக்க ஓடிவந்த தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வடையோடு சுவரில் சாய்ந்துகொண்டார்கள். அறிக்கை எழுத அவர்களுக்கும் அவசரமில்லை.

ஐந்தரைக்குப் பால்துரை "அப்ப வரேங்க" என்றார். ஆறரைக்கும் அங்கேயேதான் நின்றார், செருப்பில் ஒரு காலோடு.

கதவும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது. "கதவு இரண்டரை மணி நேரமாகத் திறந்திருக்கிறது. மூடவா?" என்று கேட்டது.

மீனலோசனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருப்பா, பேசிக்கிட்டிருக்கோம்," என்றாள்.