எண்ணிக்கை சரி

நான்கு பேருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது என்பது அந்த ஆபரேஷன் தியேட்டரில் நடக்காத காரியம். ஒருத்திக்குக் கிடைத்தால் இன்னொருத்திக்கு டியூட்டி விழும். சேர்ந்து வெளியூர் போய் இரண்டு நாள் தங்கிவர எட்டு வருடமாகப் போட்டுவைத்த திட்டம் அப்படித்தான் எட்டு வருடமும் தள்ளிப்போனது. கடைசியில் ஏசி பழுதாகி தியேட்டரை மூன்று நாள் மூடினார்கள். அன்று ராத்திரியே இன்சார்ஜ் நர்ஸ் போனில் அறை பிடித்துவிட்டாள்.

இன்சார்ஜுக்கு ஐம்பது வயது. மற்ற மூவருக்கும் அவள் 'அக்கா'. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும் பட்டப்பெயர்கள் மற்றவர்களுக்கு. கத்தி எடுத்துக் கொடுக்கும் நெட்டை. மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நின்று நாள் முழுக்க முணுமுணுத்துப் பாடும் பாட்டுக்காரி. நாலாவது ஆள் வாயாடி. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அந்தப் பேரே சொல்லிவிடும். கார் கிளம்பியதில் ஆரம்பித்து அந்தக் கல் கட்டடத்தின் முன்னால் போய் நிற்கிறவரை அவள் வாய் மூடவில்லை.

வாயாடிக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிடுகிறாள். ஏழு மாதமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் கிளம்பும்போது வாசல்வரை வந்து பையை டிக்கியில் வைத்த அவள் புருஷன், மற்ற இருவர் காதில் விழாமல் இன்சார்ஜிடம் ஒன்று சொன்னான். "அக்கா, தண்ணில மட்டும் அவள தனியா விட்டுடாதீங்க. வீட்ல கூட பாத்ரூம் கதவ தாழ் போட விடமாட்டேன்."

"என் கண்ண விட்டு நகர விடமாட்டேன், தம்பி" என்று இன்சார்ஜ் சொன்னாள். சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள்.

நூற்றைம்பது வருடத்துக் கட்டடம் அது. ஒரு காலத்தில் நரம்பு நோயாளிகளுக்கு வெந்நீரிலும் நீராவியிலும் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி. இப்போது வெள்ளையடித்து, வாசலில் மணக்கும் மெழுகுவர்த்தி ஏற்றி ஹோட்டலாக்கி வைத்திருந்தார்கள். உயரமான கூரை, நீண்ட நடைகள். மெழுகுவர்த்தி வாசனைக்கு அடியில் ஊறிப்போன கல்லின் வாடை இருந்தது. வந்தது வந்தோம், இங்கேயும் ஆஸ்பத்திரியா என்று நெட்டை அலுத்துக்கொண்டாள்.

நீராவி அறை நிலவறையில் இருந்தது. அதன் வாசலில் ஒரு பழைய அறிவிப்புப் பலகையைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள், கூப்பிடும்போது தங்கள் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும் என்று அதில் இருந்தது. துண்டு கொண்டுவந்த பணிப்பெண் விளக்கம் சொன்னாள். அந்தக் காலத்தில் ஆவி கட்டிக்கொண்டு எதிரே இருப்பவர் முகமே தெரியாதாம். அதனால் காவலாள் வெளியே நின்றபடி குரலை வைத்தே எண்ணுவானாம். ஒரு தடவைகூட எண்ணிக்கை குறைந்ததில்லையாம்.

"அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரிய மூடிட்டாங்க?" என்று வாயாடி கேட்டாள்.

பணிப்பெண் துண்டுகளை அடுக்கி முடித்தாள். "குளத்துல ஆளுங்க செத்துக்கிட்டே இருந்தாங்களாம். எல்லாம் பழைய கதைங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க."

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது சாவை நினைத்து இல்லை, அந்தப் பலகையை நினைத்து. எண்ணுவதுதானே அவர்கள் பிழைப்பு! வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் ரத்தம் ஒற்ற உள்ளே வைத்த காஸ் துணிகளை எண்ணியாக வேண்டும். நெட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, இன்சார்ஜ் பார்த்துச் சொல்ல, இரண்டு வாயும் இரண்டு ஜோடிக் கண்ணும் ஒத்துப்போக வேண்டும். இன்சார்ஜ் "எண்ணிக்கை சரி" என்று சொல்லாமல் எந்தப் பெரிய டாக்டரும் ஊசியைத் தொட முடியாது. அந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. சினிமாவுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் திரும்பும்போது வரிசையாக எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறுவார்கள். இன்சார்ஜ் ஒன்று, நெட்டை இரண்டு, பாட்டுக்காரி மூன்று, வாயாடி நான்கு.

வாயாடிக்கு நீராவி வேண்டாம் என்றுதான் இன்சார்ஜ் முதலில் சொன்னாள். வாயாடி கெஞ்சினாள், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், நான் மட்டும் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டாள். அஞ்சே நிமிஷம் என்று பேசி, சூடு குறைவாக இருந்த கடைசி இடத்தில் அவளை உட்கார வைத்தார்கள். அங்கே கதவில்லாத தாழ்ந்த வளைவு ஒன்று இருந்தது. அதைத் தாண்டினால் இடுப்பளவு ஆழத்தில் குளிர்ந்த நீர்க் குளம். இன்சார்ஜ் குளத்தைப் பார்த்தாள். பக்கத்தில்தானே இருக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆவி மெல்ல எழுந்தது. முதலில் எதிர்ச்சுவர் மறைந்தது, பிறகு நெட்டையின் நீண்ட கால்கள், பிறகு தன் கையே தெரியவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது. பாட்டுக்காரியின் முணுமுணுப்பு எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது.

"பலகைல போட்டிருக்கில்ல, எண்ணுங்கடி" என்றாள் வாயாடி.

"ஒண்ணு" என்றாள் இன்சார்ஜ்.

"ரெண்டு."

"மூணு."

"நாலு" என்று வாயாடி சிரித்துக்கொண்டே முடித்தாள்.

"அஞ்சு."

வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது அந்தக் குரல்.

பாட்டு நின்றது.

நெட்டை வாயாடியைத் திட்டினாள். இந்த வேலையெல்லாம் இங்கே வேண்டாம் என்று பாட்டுக்காரியும் சொன்னாள். "நான் இல்லக்கா" என்றாள் வாயாடி. குரலில் சிரிப்பு இல்லை. "சத்தியமா நான் இல்ல."

இன்சார்ஜும் பயந்தாள். ஆனால் இருபத்தாறு வருடப் பழக்கம் பயத்துக்கு முன்னால் வந்து நின்றது. எண்ணிக்கை தப்பினால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். திரும்ப எண்ண வேண்டும்.

"விளையாட்டு போதும். மறுபடி எண்ணுங்க. ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தண்ணீர் சொட்டியது.

"நாலு."

குரல் கம்மியிருந்தது. திட்டு வாங்கிக் கோபித்துக்கொண்டாள் என்று இன்சார்ஜ் நினைத்தாள். ஐந்து வரவில்லை. காத்திருந்து பார்த்தாள், வரவே இல்லை. அவள் மூச்சை விட்டாள்.

"எண்ணிக்கை சரி" என்றாள்.

அதன்பின் வாயாடி பேசவில்லை. அவள் ஊமையாக இருப்பதும் ஒரு அதிசயம்தான் என்று நெட்டை கிண்டல் செய்தாள். அதற்கும் பதில் இல்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஒரு தடவை சளப்பென்று அடித்தது. பெரிய சத்தம் இல்லை. தொட்டியில் துணி நழுவி விழுந்தால் வருமே, அவ்வளவுதான்.

இன்சார்ஜ் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எல்லாரும் இருக்கீங்களா? ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

"நாலு." இந்தத் தடவை உடனே வந்தது.

அவள் திரும்பவும் சுவரில் சாய்ந்துகொண்டாள். எழுந்து ஐந்து அடி நடந்து கையை நீட்டித் தொட்டுப் பார்த்திருக்கலாம். தியேட்டரில் கண்ணால் பார்க்காத துணியை அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. இங்கே காதால் எண்ணினாள்.

சூடு தாங்காமல் வெளியே வந்தபோது நடையில் மூன்று பேர்தான் நின்றார்கள். துண்டுகள் நான்கு இருந்தன. வாயாடி பின்னால் வருவாள் என்று சொல்லிக்கொண்டே நெட்டை முகத்தைத் துடைத்தாள். இன்சார்ஜ் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "ஏய், வாடி. போதும்."

"நாலு" என்றது ஆவி.

"வாடின்னு சொன்னேன்."

"நாலு. நாலு. நாலு."

இன்சார்ஜ் உள்ளே ஓடினாள். வெளிக்காற்று புகுந்ததில் ஆவி கலைந்துகொண்டிருந்தது. கல் திண்ணையில் மூன்று பேர் உட்கார்ந்த இடம் காய்ந்து தெரிந்தது. வளைவை ஒட்டிய கடைசி இடத்தில் ஈரம் முழுசாகப் படர்ந்திருந்தது. அங்கிருந்து ஒருத்தி எழுந்து போய் வெகுநேரம் ஆகிவிட்டது.

அவள் வளைவுக்குள் குனிந்தாள்.

வாயாடி குளத்தில் குப்புறக் கிடந்தாள். இடுப்பளவுத் தண்ணீர்தான்.

மூன்று நர்ஸ்கள் அங்கே இருந்தார்கள். ஊரில் வேறு யாருக்கும் அவ்வளவு வாய்க்காது. நொடியில் தூக்கி வெளியே போட்டார்கள். பாட்டுக்காரி தலையை நிமிர்த்தி மூச்சு ஊதத் தயாரானாள். நெட்டை ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். இன்சார்ஜ் மண்டியிட்டு நெஞ்சில் கைகளை வைத்து அழுத்தினாள். இதையும் எண்ணித்தான் செய்ய வேண்டும். முப்பது அழுத்து, இரண்டு மூச்சு.

"இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது" என்று நிறுத்தினாள்.

"முப்பத்தொண்ணு" என்றது வளைவுக்கு அந்தப் பக்கம்.

பாட்டுக்காரி குனிந்த தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"நிறுத்தாத, ஊது" என்றாள் இன்சார்ஜ். அவள் அழுதுகொண்டே மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு முப்பதுக்கும் அவள் நிறுத்தினாள். அது நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் அந்தக் குரல் ஆயிரத்தைத் தாண்டிப் போயிருந்தது. ஸ்ட்ரெச்சரோடு படியிறங்கியவர்கள் அருகே வந்ததும் அடங்கிவிட்டது. வாயாடி ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை.

வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்தாள் என்று போலீசில் எழுதினார்கள். அதில் பொய் இல்லை. அந்தக் குரலுக்குப் பயந்து, யாரிடமும் சொல்லாமல் எழுந்து குளத்துப் பக்கம் போயிருக்கிறாள். மூவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். கடைசியாக எண்ணியபோது நாலு என்று கேட்டதாக மூவருமே சொன்னார்கள். மூன்றாவது ஆளும் அதையே சொன்னதும் விசாரித்தவர் பேனாவை மூடினார்.

வாயாடியின் வீட்டுக்குப் போனபோது அவள் புருஷன் இன்சார்ஜிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள். "நீங்க பக்கத்துலதானக்கா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றாள். பாத்ரூம் கதவு தாழ் இல்லாமல் அவன் முதுகுக்குப் பின்னால் திறந்து கிடந்தது.

நெட்டை வார்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டாள். பாட்டுக்காரி வேலைக்கு வந்தாள், பாட்டு வரவில்லை. தியேட்டரில் இப்போது இன்சார்ஜ் வாயைத் திறந்து எண்ணுவதில்லை. ஒவ்வொரு துணியையும் விரலால் தொட்டு, விளக்கில் தூக்கிப் பார்த்து, தட்டில் தனித்தனியாகப் பரப்பி, மூன்று தடவை கண்ணால் பார்த்தபிறகுதான் தலையாட்டுவாள். நேரமாகிறது என்று டாக்டர்கள் முனகினார்கள். முனகட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கடைசிக் கேஸ் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அவள் மேஜையைத் துடைத்தாள், பெரிய விளக்கை அணைத்தாள். கை கழுவும் தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாயாடி எப்போதும் சாய்ந்து நின்று வம்பளக்கும் மூலை காலியாகக் கிடந்தது. அவள் குரலைக் கேட்டு ஐந்து வாரம். செய்யக்கூடாது என்று தெரிந்தேதான் அவள் செய்தாள்.

"ஒண்ணு" என்றாள். நெட்டைக்காக "ரெண்டு" என்றாள். பாட்டுக்காரிக்காக "மூணு" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

குழாய் சொட்டுவது நின்றது.

"நாலு."

வாயாடியேதான். எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரிகிற அவளுடைய சொந்தக் குரல். இன்சார்ஜ் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"எங்கடி இருக்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"நாலு" என்றது குரல் மறுபடியும். இந்தத் தடவை அதில் அழுகை இருந்தது. வேறு எதையோ சொல்ல வந்து, சொல்ல விடாமல், அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்ததுபோல் இருந்தது. "நாலு. நாலு."

கதவுக் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டு வந்தது. ஊறிப்போன கல்லின் வாடை அறை முழுக்க நிறைந்தது. இன்சார்ஜ் திரும்பவில்லை. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசும் குரல் அவள் காதருகே எண்ணிக்கையை முடித்து வைத்தது.

"அஞ்சு."