காதுக் கருவியை நனைத்தது யார்?

மெக்கானிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தன் இடது காது வக்கீலம்மாவைப் பார்த்திருக்கும்படி உட்கார்ந்தார். அவர் மனைவி இடது தோளோடு ஒட்டி நின்றாள்.

"வலது காது இவருக்குப் பிறவியிலேயே கேட்காதுங்க," என்றாள். "இருக்கற ஒண்ணும் மங்குதேன்னு வெளிநாட்டுக் கம்பெனியில கருவி வரவழைச்சோம். வந்த வேகத்துல அதுவும் பேசாம நின்னுடுச்சு. திருப்பி அனுப்பினா, தண்ணியில நனைச்சுட்டீங்க, மாத்தித் தர முடியாதுங்கறான்."

இஞ்சின் உறுமுவதைக் கேட்டே நோயைச் சொல்லும் மனிதர். இப்போது பட்டறைக்கு வருகிற வண்டிகள் பாதியாகிவிட்டன.

வக்கீலம்மாவின் கணவர்தான் அவளுக்கு டைப்பிஸ்ட். துப்பறிவதென்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. கேஸ் போட்டு, விசாரணைக்கு முந்தின நாள் தம்பதியர் மறுபடி வந்தபோது, நனைந்த கருவி என்று கம்பெனி அனுப்பிய படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். பேட்டரி மூடியில் உப்புப் பூத்திருந்தது.

"அடியில பாரு, சிவப்பா ஒரு பொட்டு! துரு புடிச்சிருக்கு. தண்ணி பட்டது நிஜம்!" என்று துள்ளினார்.

வக்கீலம்மா அந்தப் பொட்டை உற்றுப் பார்த்தாள். பிறகு தம்பதியரிடம் திரும்பினாள்.

"நாளைக்கு அந்த நாட்டுக் கோர்ட் வீடியோவுல விசாரிக்கும். கருவி நனையலைன்னு ரெண்டு பேரும் சத்தியம் பண்ணணும்."

மனைவி முந்திக்கொண்டாள். "நான்தாங்க, சட்டைப் பையில இருந்தது தெரியாம வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன்."

"பொய்ங்க! நான்தான் மாட்டிக்கிட்டே குளிச்சேன்," என்றார் மெக்கானிக்.

டைப்பிஸ்ட் கம்ப்யூட்டரை அணைக்கப் போனார். கேஸ் அம்போதான்.

வக்கீலம்மா நிதானமாகக் கேட்டாள். "கருவி வந்த காலிப் பெட்டி இருக்கா?"

மனைவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பெட்டியின் மூலையில் ஒரு நீலப் பொட்டு.

"ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க. அவர் நனைச்சிருப்பார்னு உங்களுக்குப் பயம், நீங்க நனைச்சிருப்பீங்கன்னு அவருக்குப் பயம். யாரும் நனைக்கலை," என்றவள், கணவரைப் பார்த்துச் சிரித்தாள். "அது துரு இல்லீங்க, துப்பறியும் புலி! காதுக் கருவி செய்றவங்க வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம்னு அடையாளம் வைப்பாங்க. கேட்கவே கேட்காத காதுக்கு யாராவது கருவி வாங்குவாங்களா? படத்துல இருக்கறது வேற யாரோடதோ."

மறுநாள் வீடியோவில் பெட்டியின் நீலப் பொட்டைக் காட்டியதும் கம்பெனிக்காரர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அசடு வழிந்தது. மெக்கானிக்கின் கருவி ஈரமே படாமல் வேறொரு பெயர் ஒட்டிய தட்டில் கிடந்திருக்கிறது. உள்ளே ஒரு கம்பி மட்டும் கழன்றிருந்ததாம். நீதிபதி புதிதாக ஒன்று அனுப்பச் சொல்லிவிட்டார்.

அது வந்து சேர்ந்ததும் தம்பதியர் நன்றி சொல்ல வந்தார்கள். மெக்கானிக் வாசலிலேயே குனிந்து, டைப்பிஸ்ட் அணைக்காமல் விட்டிருந்த ஸ்கூட்டரின் சத்தத்தைக் கேட்டு, உதட்டைப் பிதுக்கினார். இந்த முறை மனைவி அவருடைய தோளைத் தேடவில்லை. நாலடி பின்னால் நின்று, தனக்குள் முணுமுணுத்தாள்.

"பைத்தியக்கார மனுஷன். எனக்காகப் பொய் சொல்ல வந்துட்டாரு."

ஸ்கூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கேட்டார்.

"நீ மட்டும் என்னத்தச் சொன்னியாம்?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.