கூரைக்குள் ஓர் அறை

அண்ணன் எனக்கு ஒரு வீட்டைக் கொடுத்தான். சும்மா கொடுத்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிற தோட்டக் கணக்கு எழுதும் கிராணி குடியிருந்த பழைய வீடு அது. பலகைச் சுவர், ஜிங்க் தகரக் கூரை. லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளிச் சனமெல்லாம் டவுனுக்குப் போய்விட்டதால் சுற்றிலும் ஆளில்லை. புருஷனை விட்டுப் பிரிந்து வாடகை அறையில் கிடந்த எனக்கு அதுவே அரண்மனை. "நீ என் ஒரே தங்கச்சி லா, துளசி. உனக்கில்லாம வேற யாருக்கு?" என்று குகன் அண்ணன் சாவியைக் கையில் திணித்தபோது நான் அழுதேவிட்டேன்.

அதே வீட்டில்தான் அவன் புனிதவதியோடு குடித்தனம் நடத்தினான். புனி எனக்கு அண்ணியாவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. எவனோடோ ஆஸ்திரேலியாவுக்கு ஓடிவிட்டாள் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நானும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வீடு கட்டுவதற்குப் பிளான் படம் போடுவதுதான் என் தொழில். தட்டைச் சீலிங்கைப் பிடுங்கிவிட்டு, கூரைச் சரிவோடு ஏறிப்போகிற உயரமான சீலிங் வைக்க ஆசை. குடிவந்த மறுநாள் மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, அளவெல்லாம் எடுத்துக் கணினியில் ஏற்றினேன். சுவர், சரிவு, கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டங்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. சீலிங்கில் இருந்த திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். கடைசிச் சட்டத்தை அடைத்து யாரோ பலகை அடித்திருந்தார்கள். ஏதோ ஒட்டுவேலை என்று அதையும் சேர்த்து வரைந்தேன்.

நாலு பக்கமும் அடைபட்ட இடம் எதுவானாலும் நான் படம் போடும் மென்பொருள் தானாகவே அதை அறையென்று எடுத்துக்கொண்டு பெயர் வைக்கும். திரையில் கூரைக்குள் ஒரு பெயர் முளைத்தது: பெட்ரூம்.

"ஐயே, கூரைக்குள்ள எவ வந்து படுக்கப்போறா?" என்று சிரித்துக்கொண்டே அழித்தேன்.

மறுபடி வந்தது.

அழித்தேன். வந்தது. எரிச்சலோடு, வீட்டுக்குள் நடந்து பார்க்கிற காட்சியைத் திறந்து அந்த அறைக்குள் போனேன்.

சரிந்த கூரைக்கு அடியில் ஒரு பெண் நின்றாள்.

நிமிர இடமில்லாமல் கழுத்தை மடக்கி, எனக்கு முதுகு காட்டிக்கொண்டு. மென்பொருளில் பொம்மை மனிதர்கள் உண்டுதான். எல்லாம் சட்டையும் காற்சட்டையும் போட்ட வெள்ளைக்காரப் பொம்மைகள். இவள் தொளதொளவென்று பச்சைக் கஃப்தான் அங்கி போட்டிருந்தாள். கழுத்தோரம் மயில் பூவேலை. ஒரு தீபாவளிக்குப் புனிக்கு நான் என் கையால் தைத்துக் கொடுத்தது.

வெளியே மழை வெளுத்து வாங்கியது. வீட்டுக்குள் வெயிலில் காய்ந்த ஜிங்க் வாடை அடித்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, கூரைக்குள்ள பலகை அடிச்சது யாரு?"

அவன் எழுந்து அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"புனி எங்கண்ணே?"

"பயம் காட்டத்தான் மேல வச்சுப் பூட்டினேன் மா. சபாக் டவுனுக்குப் போன இடத்துல தண்ணியப் போட்டுட்டு அங்கேயே கிடந்துட்டேன். வெயில் அப்படி லா... ஜிங்க் கூரை... வந்து பாத்தா மூச்சில்ல, அப்படியே பலகை அடிச்சு மூடிட்டேன்." அவன் குரல் தாழ்ந்தது. "எங்க போனாலும் தலைக்கு மேல சுரண்டுறா, துளசி. அந்த வீட்டுல யாராச்சும் குடியிருந்தா அவ அங்கேயே தங்கிருவான்னு சாமியாடி சொன்னாரு. நீ அவ கூட்டாளி. உன்னை ஒண்ணும் செய்யமாட்டா."

அடப்பாவி! தங்கச்சிக்கு வீடு கொடுக்கவில்லை, பேய்க்குத் தங்கச்சியைக் கொடுத்திருக்கிறான். அந்தச் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேனே!

போலீசுக்கு அப்புறம் போகலாம். கோலா குபு பாருவில் அவன் கட்டிய புது வீட்டுக்கும் நான்தான் படம் போட்டேன். அதைத் திறந்தேன். என் கூரைக்குள் இருந்த அறையை அவளோடு சேர்த்து எடுத்து, அவன் படுக்கிற அறைக்கு மேலே கொண்டுபோய் ஒட்டினேன்.

"போ புனி. அவன் அங்கதான் இருக்கான்."

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"துளசி, மேல... மேல..." பலகை பிளக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுபோனது.

நல்லா வேணும் என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுப் படத்துக்குத் திரும்பினேன்.

அறை அங்கேயே இருந்தது.

ஆத்திரத்தில் நான் அதை வெட்டி எடுக்கவில்லை. நகல்தான் எடுத்திருக்கிறேன். உள்ளே புனி இல்லை. பெட்ரூம் என்று இருந்த இடத்தில் துளசி என்று இருந்தது.

"நான் ஓடிட்டேன்னு நீயும்தானே நம்பின," என்று சீலிங்குக்கு மேலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது.

துருப்பிடித்த ஆணி ஒன்று மேலேயிருந்து கழன்று மேசையில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன்.

வெளியே இன்னும் மழைதான். ஆணி கையைச் சுட்டது.