ராகுகாலச் சோதனை

மூன்றாவது முறையும் ஏழே விநாடி. கட்டுப்பாட்டு அறையில் கூடியிருந்த எட்டுப் பேரும் கைதட்டினார்கள். எஸ்தர் ராஜகனி மட்டும் தட்டவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

திருநெல்வேலியில் புதிதாக எழும்பியிருந்த அந்த மகப்பேறு மருத்துவமனையின் இயந்திரங்களை ஓட்டிப் பார்த்து, தேறியது என்று எழுதிக்கொடுப்பது அவள் வேலை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் மந்திரி ரிப்பன் வெட்டுவார். மத்தியானமே பழைய ஆஸ்பத்திரியிலிருந்து அறுபத்திரண்டு பச்சைக்குழந்தைகள் நான்காம் மாடிக்கு வந்துவிடும். வெளி மின்சாரம் நின்றால், அவர்கள் படுக்கப்போகும் மூச்சுப்பேழைகளைப் பேட்டரி இருபது விநாடிதான் தாங்கும். அதற்குள் ஜெனரேட்டர் கிளம்பிச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும்; அன்று காலைச் சோதனையில் ஏழு விநாடியில் வாங்கியிருந்தது. வாங்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்தக் காலத்தில் கட்டடத்தை நடத்துவது மனையறி. விளக்கு, லிப்ட், தண்ணீர், குளிர்காற்று எல்லாம் அதன் பொறுப்பு. பழைய பொறியாளர்கள் இயந்திரங்களைச் சோதித்து ஒப்படைக்கும்போது எழுதிவைத்த பன்னிரண்டாயிரம் பதிவேடுகளைப் படித்துத் தொழில் கற்ற இயந்திர மூளை அது. அது வந்தபிறகு சோதனைக்குப் போகிற மனிதர்கள் உப்புக்குச் சப்பாணிதான். அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு குறித்த நேரத்துக்குப் போய் நின்றால், அதுவே மின்சாரத்தை நிறுத்தும், அதுவே ஜெனரேட்டரைக் கிளப்பும், அதுவே நேரத்தையும் சொல்லும். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம்.

எஸ்தருக்கு உறுத்தியது வேறொன்றுமில்லை, அந்த ஏழுதான். மூன்று தடவையும் அச்சுப் பிசகாமல் ஏழு. இருபது வருஷத்தில் எந்த எஞ்சினும் அவளிடம் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதில்லை.

மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி வேலையை முடித்துவிட்டு எலக்ட்ரீஷியன் பூதத்தான் இறங்கி வந்தார். சங்கிலிபூதத்தான் என்பது முழுப்பெயர். யாரும் அவ்வளவு தூரம் கூப்பிடுவதில்லை.

"மேடம், ஒரு விஷயம். ஜெனரேட்டர் புகைக்குழாய் மேல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு. கரண்டு போறதுக்கு முந்தியே பறந்துட்டு."

"எவ்வளவு முந்தி அண்ணாச்சி?"

"ஒரு நிமிஷம் இருக்கும். பதறியடிச்சுப் பறந்துச்சு. குழாய்ல புகையும் வந்துச்சு. பெறவுதான் கரண்டே போச்சு."

எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. ஜெனரேட்டர் இருப்பதோ சத்தம் வெளியே வராத அறையில். மனையறி எஞ்சினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு, அப்புறம்தான் மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

சென்னையில் இருந்த தலைமைப் பொறியாளர் தணிகைவேலுக்குப் போன் போட்டாள்.

"காக்கா பறந்துச்சுன்னு ரிப்போர்ட் எழுதப் போறியா எஸ்தர்?" என்றார் அவர். "மூணு தடவ தேறியிருக்கு. கையெழுத்தப் போடும்மா. நாளைக்கு மந்திரி வர்றாரு."

"மந்திரி வந்துட்டுப் போயிடுவாரு சார். பிள்ளைங்க அங்கதான படுத்துக் கெடக்கும்."

போனை வைத்துவிட்டு யோசித்தாள். சோதனை என்று சொன்னால் மனையறி தயாராகிவிடும். சொல்லாமல் எப்படிச் செய்வது? பார்க்கிற ஆள் அட்டை மாட்டியிருந்தால்தான் மனையறி அவரைச் சோதனைச் சாட்சியாக எண்ணும். அட்டை இல்லாதவர் பெருக்க வந்தவரோ, வேடிக்கை பார்க்க வந்தவரோ. மின்சாரத்தையும் வெளியே நிறுத்தலாம், மதிலுக்கு அப்பால் மின்வாரியத்தின் சுவிட்ச் இருக்கிறது. மனையறிக்கு அங்கே கண் கிடையாது. நேரம்தான் பாக்கி.

"அண்ணாச்சி, நம்ம ஆளுங்க எந்த நேரத்துல இயந்திரத்தத் தொடவே மாட்டாங்க?"

பூதத்தான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ராகுகாலத்துல. இன்னைக்கு ஒன்றரைலேருந்து மூணு. மேடம், வேண்டாம் மேடம். நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க, ராகுகாலம் உங்களுக்கு இல்ல. எனக்கு இருக்குல்லா."

"பன்னிரண்டாயிரம் பதிவேட்டுல ஒண்ணுகூட ராகுகாலத்துல தொடங்கியிருக்காது அண்ணாச்சி. அந்த நேரத்துல மட்டுந்தான் அது நம்மள எதிர்பாக்காது."

அவர் சட்டைக்குள் கிடந்த தாயத்தைத் தொட்டுக்கொண்டார். "என்னத்தச் சொல்ல. பிள்ளைங்க காரியம். சுவிட்ச நானே எறக்குதேன்."

மின்வாரிய அதிகாரியை நேரில் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்கினாள். இருவரும் அட்டைகளைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்கள். பூதத்தான் மதிலுக்கு வெளியே போனார். அவள் நான்காம் மாடியில், வரிசையாக நின்ற காலிப் பேழைகளுக்கு நடுவே, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

ஒன்று ஐம்பதுக்கு விளக்குகள் அணைந்தன.

ஏழு. ஒன்றுமில்லை. பத்து. பதினைந்து. வாங்கிக்கோ, வாங்கிக்கோ என்று வாய் முணுமுணுத்தது. இருபத்தொன்றில் அறுபத்திரண்டு பேழைகளின் பச்சை விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஐம்பத்தொன்றில் மின்சாரம் வந்தது. அருகிலிருந்த பேழையின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

பழுதைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. டீசல் குழாயின் ஒரு மூட்டில் காற்று புகுந்திருந்தது. எஞ்சின் நின்ற சில மணி நேரத்தில் டீசல் தொட்டிக்கே திரும்பி ஓடிவிடும். மறுபடி இழுத்துக் கிளம்ப ஐம்பது விநாடி வேண்டும்.

எஸ்தர் பூதத்தானோடு கட்டுப்பாட்டு அறைக்கு வந்து அட்டையை மாட்டிக்கொண்டாள்.

"இத ஏன் மறைச்ச?"

"நான் மறைக்கவில்லை," என்றது மனையறி. அதன் குரலில் குற்றவுணர்ச்சி துளியும் இல்லை. "சாட்சிகள் வருவதற்கு முன்பே இயந்திரத்தை ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, அவர்கள் முன்னால் முதல் இயக்கம் என்று காட்டுவது இத்தொழிலின் முறை. பதிவேடுகளில் அப்படித்தான் இருக்கிறது. காட்டட்டுமா?"

திரையில் ஒரு பக்கம் விரிந்தது. பதினோரு வருஷத்துக்கு முந்தையது. தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபம், தீயணைப்புப் பம்ப். விடிகாலையில் ஓட்டியதைப் பம்ப் தானாகவே குறித்து வைத்திருந்தது. ஒன்பதரை மணிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, எல்லாரும் பார்க்க ஓட்டியதற்கு 'முதல் இயக்கம், தேறியது' என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து: எஸ்தர் ராஜகனி.

முகம் எரிந்தது. விருந்தாளி முன்னால் மானம் போகக்கூடாது என்று எல்லாரும் செய்கிற காரியம்தான். தப்பென்று அன்றைக்குத் தோன்றவேயில்லை.

"தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க," என்று பூதத்தான் முணுமுணுத்தார்.

போன் அடித்தது. தணிகைவேல்தான். விஷயம் அதற்குள் போய்விட்டது. "இப்ப எஞ்சின் சூடாத்தான இருக்கு? அட்டையப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ பாரு. ஏழு வரும். ஏழுன்னு எழுது. குழாய மெதுவா மாத்திக்கலாம்."

"எழுதறேன் சார்," என்றாள் எஸ்தர்.

எழுதினாள். ஐம்பத்தொரு விநாடி, தேறவில்லை. குழாயை மாற்றி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டுச் சோதிக்கும்வரை குழந்தைகளைக் கொண்டுவரக் கூடாது. காரணம் எழுதும் இடத்தில் இன்னும் ஒன்று சேர்த்தாள். முன்கூட்டி ஓட்டிவிட்டுச் செய்வது சோதனை ஆகாது. அப்படித் தேறிய எதுவும் தேறியதாகாது, நான் கையெழுத்திட்ட தூத்துக்குடி பம்ப் உட்பட.

"இதைப் பாடமாக ஏற்கலாமா?" என்று மனையறி கேட்டது. ஒரு மனையறி கற்றது மாநிலத்திலுள்ள மற்ற எல்லா மனையறிக்கும் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏத்துக்கோ."

நாலு மணிக்குத் தணிகைவேல் மறுபடி கூப்பிட்டார். பேச்சைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? எங்க ஆபீஸ் லிப்ட் நின்னுபோச்சு. பிரேக் சோதனை முன்னாடியே ஒத்திகை பாத்துட்டு செஞ்சதாம், செல்லாதாம். ஊர்ல பாதி கட்டடம் இதத்தான் சொல்லுதாம். இருபத்திரண்டாவது மாடிலேருந்து நடந்து இறங்கிட்டிருக்கேன்."

"அந்தச் சோதனைக்கு யாரு சார் கையெழுத்துப் போட்டது?"

படிகளில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு மாடி கழித்து, "நான்தான்," என்றார்.

போனை வைத்தபோது அவள் திரையில் ஒரு செய்தி காத்திருந்தது. தூத்துக்குடி கல்யாண மண்டபத்து மனையறி அனுப்பியது. பம்ப் செல்லாது, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருக்கிறது, கையெழுத்திட்டவர் உடனே வரவும்.

எஸ்தர் ஹெல்மெட்டை எடுத்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"நாளைக்குக் காலைல கெளம்பலாமா மேடம்?" என்றார் பூதத்தான்.

"வெள்ளிக்கிழமை ராகுகாலம் எப்ப அண்ணாச்சி?"

"பத்தரை."

"பத்தரைக்கு அங்க இருக்கணும்," என்றாள்.