முழுசாகத் தடவிய பசை

மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஹார்டுவேர் கடையில் மிச்சமிருந்த ஒரே சிலிக்கான் பசைக் குழாயை எட்டி எடுத்தாள் அவள். அதன் மறுமுனையில் இன்னொரு கை...

"விடுங்க. நான்தான் முதல்ல எடுத்தேன்."

அவன் விட்டுவிட்டான். அவள் கக்கத்திலிருந்த நீள அட்டைக்குழலைப் பார்த்ததும், "தொலைநோக்கியா? கண்ணாடிக்குப் பின்னால முழுசா தடவிடாதீங்க. மூணே மூணு பொட்டு..." என்று ஆரம்பித்தான். இமையில் மழைத்துளி... சிரிக்கும்போது சுருங்கும் கண்கள்...

"எல்லாம் எங்களுக்கும் தெரியும்," என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தாள்.

வந்து, முழுசாகத்தான் தடவிக் குழலின் அடிப்பலகையில் கண்ணாடியை ஒட்டினாள். மாதக்கணக்கில் தன் கையாலேயே தேய்த்து உருவாக்கிய கண்ணாடி அது. பசை இறுகும்போது அதையும் சேர்த்து இழுத்து வளைத்துவிட்டது. குழலுக்குள் நட்சத்திரங்களெல்லாம் கோணிக்கொண்டு தெரிந்தன. அண்ணன் கேட்டபோது வாய் கூசாமல், "கடையில ஒருத்தர் அப்படித்தான் தடவச் சொன்னாரு," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தன் ஆபீஸ் நண்பனைக் கூட்டி வந்தான். "இவன் தொலைநோக்கி செய்யறதுல கில்லாடி. பாருடா, எவனோ ஒரு அரைவேக்காடு சொன்னான்னு இவ முழுசா தடவி வெச்சிருக்கா."

வாசலில் அதே கண்கள்... பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். "அந்த அரைவேக்காடு நான்தான்டா."

அண்ணன் அவனைத் திட்டிக்கொண்டே டீ போடப் போனான்.

வந்தவன் கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே தூண்டில் நரம்பை நுழைத்து, ஒரு முனையை அவளிடம் நீட்டினான். "மெதுவா இழுங்க. பசையை அறுத்துடலாம். அவசரப்பட்டா கண்ணாடி போயிடும்."

அவள் இழுக்க, அவன் விட... அவன் இழுக்க, அவள் விட... நிமிர்ந்து பார்க்க அவளுக்கு முகமில்லை. கடைசியில் கண்ணாடி கீறல்கூட இல்லாமல் கழன்று வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"பொய் சொன்னது நான். பழியை நீங்க ஏன் ஏத்துக்கிட்டீங்க? ரொம்ப வெக்கமா இருக்கு."

"சொன்னதைக் கேட்டிருக்கலாம்ல?"

"எங்க கேட்டேன்... நீங்க பேசப் பேச உங்க கண்ணையே பாத்துட்டிருந்தேன். ஒரு வார்த்தைகூட காதுல ஏறல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. காது மடல்வரை சூடேறியது.

அவன் பலகையில் மூன்று பொட்டு பசை வைத்தான். மூன்றாவது பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"எங்க வீட்ல இந்தப் பசை நிறைய கிடக்கு. அன்னைக்கு நான் ஆணி வாங்கத்தான் வந்தேன். உங்களைப் பாத்ததும்... எப்படியாவது பேசணும்னு கை தானா நீண்டுடுச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆணி வாங்கினீங்களா?"

"இன்னும் இல்ல," என்றான் அவன்.