கடைசி இருக்கையின் விளக்கு

காலையில் உரித்துவைத்த செம்புக் கம்பி மாலைக்குள் பச்சை பிடித்திருந்தது.

ரெவி அதை விரலில் எடுத்து ஷெட்டின் ஒற்றை பல்புக்கு நேராகத் திருப்பிப் பார்த்தான். கடற்கரைக்குக் கிளம்பும் முன், வேனின் பின்பக்கத்தில் உட்கார்ந்து அவனே குறடால் உரித்த வயர். அப்போது புதுச் செம்பின் இளஞ்சிவப்பில் மின்னியது. இப்போது கடலுக்கடியில் பல வருடம் கிடந்த ஆணியைப் போல உப்பேறி, தொட்டால் பச்சைத் தூளாக உதிர்ந்தது. நுனியை வெட்டினான். உறைக்குள்ளும் பச்சை. இன்னும் ஒரு சாண் வெட்டினான். அங்கேயும் பச்சை. ஒரு கை நீளத்துக்கு வெட்டி எறிந்த பிறகுதான் சுத்தமான செம்பு தெரிந்தது.

"மட்டமான வயர்" என்று முணுமுணுத்தான். உடனே மனம் சுருங்கியது. மகள் ஹூயா தன் சேமிப்பில் வாங்கிய வயர் அது.

"இல்லம்மா, நல்ல வயர்தான்" என்று வெறும் வேனுக்குள் பார்த்துச் சொன்னான்.

வெளியே, அந்தத் தென்கோடி நாட்டின் ஜூன் மாதத்துக் குளிர்கால மழை தகரக் கூரையில் சீராக விழுந்துகொண்டிருந்தது. மணி ஐந்தரைகூட ஆகவில்லை. அதற்குள் மேய்ச்சல் நிலம், வேலி, வீட்டுக்குப் போகும் பாதை எல்லாவற்றையும் இருட்டு விழுங்கிவிட்டது. வீட்டிலிருந்து கிட்டார் சத்தமும் சாயங்கால ஜெபப் பாட்டும் மழைக்குள் நனைந்து வந்தன. உள்ளே நாற்காலியில் ஹூயாவின் படம் இருக்கிறது, சுற்றிலும் பச்சை இலைகள் வைத்து. ஆறு வாரமாக யாராவது ஒருவர் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத் தனியாக விடுவதில்லை. உடல் கிடைத்திருந்தால் உடலோடு உட்கார்ந்திருப்பார்கள். உடல் கிடைக்கவில்லை.

பதினேழு வயது. முகத்துவாரத்துப் பாறையில் சிப்பி எடுக்கப் போனாள். அலை ஒன்று வந்தது. அவ்வளவுதான் யாருக்கும் தெரியும்.

நாளை விடிந்ததும் அந்தப் படத்தை இந்த வேனில் வைத்து, பெல்ட் போட்டு, அவளுடைய அம்மா பிறந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே உறவுகள் வாசலில் நின்று அவளை அழைத்து அழுவார்கள். போகும் வழியெல்லாம், இதோ பாலம் வந்தது, இதோ நீ படித்த பள்ளிக்கூடம் என்று படத்தோடு பேசிக்கொண்டே போவார்கள். மலைக்குள் போகும் பாதை அது. குளிர்காலத்தில் அங்கே வெளிச்சம் வர நேரமாகும். ஹூயாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டு ஆகாது. பதினேழு வயதிலும் நடையில் ஒரு விளக்கு எரிந்தால்தான் தூங்குவாள்.

அதனால்தான் இந்த வேலை. அப்பாவும் மகளும் சேர்ந்து புதுப்பித்த பழைய வேன் இது. இரண்டு பக்கமும் நீளவாக்கில் பெஞ்சு போட்டாகிவிட்டது, மெத்தை தைத்தாகிவிட்டது. விளக்குதான் பாக்கி. கூரையில் ஆறு துளைகளை அவளே போட்டு, ஆறு சின்ன வட்ட எல்இடி விளக்குகளைப் பொருத்தியிருந்தாள், பக்கத்துக்கு மூன்றாக. விரலால் தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும். பின்கதவை ஒட்டிய கடைசி இருக்கை அவளுடையது. அதற்கு மேலே உள்ள விளக்கின் விளிம்பில் நகப்பூச்சால் ஒரு சிவப்பு நட்சத்திரம் வரைந்திருந்தாள்.

பால் லாரி ஓட்டுகிறவனுக்கு வயரிங் என்ன தெரியும்? அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். ரோட்டு சிக்னல்லயே மூணு கலர் இருக்குப்பா, இதுல ரெண்டுதான்."

பக்கக் கதவு சறுக்கித் திறந்தது. அவனுடைய அக்கா மெரே, ஒரு கையில் தேநீர்க் குவளையும் மறு கையில் பொரித்த ரொட்டித் தட்டுமாக நின்றாள். தோளில் ஒரு கம்பளிப் போர்வை.

"ஏண்டா தம்பி, வேனுக்கு லைட் மாட்டுறியா, இல்ல வேனுக்குக் கல்யாணம் பண்றியா? ஆறு லைட்டு!"

"அவ போட்ட பிளான்க்கா. ஆளுக்கு ஒண்ணு."

"அதானே பார்த்தேன். நீ போட்ட பிளானா இருந்தா மாட்டுக் கொட்டகை டியூப்லைட்டுல தொங்கிட்டிருக்கும்."

ஆறு வாரத்தில் முதல் தடவையாக ரெவியின் உதட்டோரம் அசைந்தது.

"சாப்பிடு. ஆறிப்போச்சுன்னா அந்த ரொட்டிய டயருக்குத்தான் மாட்டணும்." அவள் படியில் உட்கார்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "காலையில கடற்கரையில... அவ பேரச் சொல்லித்தானே கூப்பிட்ட?"

ரெவி ரொட்டியைத் தட்டில் திரும்ப வைத்தான்.

"ஆமா."

"காத்து இரைச்சல்ல எனக்குக் கேக்கல. உன் முதுகுதான் தெரிஞ்சுது. அதான் கேட்டேன். அந்த முகத்துவாரத்துல நம்ம பிள்ள மட்டுமா போச்சு? எத்தனையோ காலமா எத்தனையோ பேரு. பேரச் சொல்லாம சும்மா வா வான்னு கூப்பிட்டா, ஊருக்குப் போற பஸ் வந்துடுச்சுன்னு எல்லாரும் ஏறிக்குவாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனும் சிரித்தான்.

"கடல்லேர்ந்து வந்ததும் தீட்டுப் போகக் கை கழுவினியா?"

"கழுவினேன்க்கா."

அது மட்டும் உண்மை. அவள் போர்வையை பெஞ்சின் மேல் வைத்தாள். குளிர் அடிக்கிறது என்று கதவை வெளியிலிருந்து இழுத்து மூடிவிட்டு, சேற்றில் சப்தமிட்டபடி வீட்டைப் பார்த்துப் போனாள்.

காலையில் நடந்தது இதுதான். கடலில் யாரும் இறங்கக்கூடாது, சிப்பி எடுக்கக்கூடாது என்று ஹூயாவுக்காகப் போட்டிருந்த தடையைப் போதகர் ஜெபம் செய்து நீக்கினார். பிறகு ரெவியின் முழங்கையைப் பிடித்து, "பேரச் சொல்லிக் கூப்பிடுப்பா. வீட்டுக்குப் போறோம்னு சொல்லு" என்றார். ரெவி தண்ணீர் ஓரத்தில் தனியாகப் போய் நின்றான். அந்தப் பெயர் நெஞ்சில் இருந்தது, நாக்குக்கு வரவில்லை. சொன்னால் அவள் இறந்தது உண்மையாகிவிடும் என்பதுபோல உள்ளேயே பிடித்துக்கொண்டது. கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது வேறு.

"குளிர்ல நிக்காத. வா. வேன்ல ஏறிக்கோ. இடம் இருக்கு."

திரும்பும்போது ஸ்டியரிங் கனமாக இருந்தது. மணலில் சக்கரம் இழுக்கிறது என்று நினைத்தான். தார் ரோட்டிலும் கனமாகவே இருந்தது.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் தரையில் மண்டியிட்டு, ஃபியூஸ் போட்டு, டேப் சுற்றி, சிவப்பு வயரை பேட்டரியில் முடுக்கினான். விளக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஆறும் எரிந்தன. வெண்மையில் கொஞ்சம் மஞ்சள் கலந்த, வீட்டு ஜன்னல் போன்ற வெளிச்சம். கடைசி விளக்கின் சிவப்பு நட்சத்திரத்தைத் தொட்டபோது கண் கலங்கியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஷெட்டின் பல்பை வெளியே போய் நிறுத்திவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு பேட்டரி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். நாளை அவளுக்கு எப்படி இருக்கும் என்று முழு இருட்டில் ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மழை. பாட்டு. நனைந்த ரப்பர் வாசனை.

முன்னால் இடப்பக்கத்து விளக்கு எரிந்தது.

அவன் தொடவில்லை. ஈரக்காற்றுதான், தொடு விளக்கு நீர்த்துளிக்கும் எரியும் என்று ஹூயா சொல்லியிருக்கிறாள். எழுந்து துடைத்தான். விளிம்பில் ஈரம் இருந்தது. ஈரத்தில் மணல் இருந்தது. அணைத்தான். உட்கார்ந்தான்.

மறுபடி எரிந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. வந்தது அழுகை. ஆறு வாரமாக வராத அழுகை, தோளைக் குலுக்கிக்கொண்டு வந்தது.

"வந்துட்டியாம்மா? அது உன் இடமில்லையே... உன் இடம் பின்னால. நட்சத்திரம் போட்டுருக்கியே, மறந்துட்டியா?"

வேன் மெதுவாக ஒரு பக்கம் தாழ்ந்தது, யாரோ கனமானவர் படியேறினால் தாழ்வதுபோல. ஹூயா அவ்வளவு கனமில்லை. அவள் ஏறினால் வேனுக்கே தெரியாது.

வலப்பக்கத்து விளக்கு எரிந்தது.

நனைந்த கம்பளியின் வாசனை வந்தது. அதோடு புகையிலை, சுங்கான் குழாயில் அடைக்கும் பழங்காலத்துப் புகையிலை. பிறகு டீசல், தூண்டில் இரையின் நாற்றம். பெஞ்சின் மெத்தை, யாரோ உட்காரும்போது விடும் மூச்சை விட்டது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. வீட்டில் பாட்டின் அடுத்த அடி ஆரம்பித்தபோது, வேனுக்குள், அவன் தலைக்கு மிக அருகில், அடித்தொண்டையில் ஒருவர் அதை முனகினார். ராகம் அதேதான். வார்த்தைகள் வேறு ஏதோ மொழி.

ரெவியின் அழுகை நின்றது.

மூன்றாவது விளக்கு. வேன் தாழ்ந்தது.

மெரே சொன்னது காதில் கேட்டது. ஊருக்குப் போற பஸ்.

இறங்கிப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். முடியவில்லை. குளிரில் நின்றவர்களைக் கூப்பிட்டது அவன். எந்த அப்பாவும் வந்து பெயர் சொல்லி அழைக்காதவர்கள், எத்தனை காலம் அந்தத் தண்ணீரில் நின்றிருப்பார்கள்? அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே? மெரே வைத்துப்போன போர்வையை எடுத்து, தண்ணீர் சொட்டும் பக்கமாக பெஞ்சில் நகர்த்தினான்.

போர்வை அவன் விரல்களிலிருந்து மெதுவாக இழுபட்டது. மடிப்பு பிரிந்தது. ஒரு தோளின் வடிவத்தில் நின்றது.

"கர்த்தாவே" என்றான். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

நான்காவது.

ஐந்தாவது.

கண்ணாடிகள் உள்பக்கமிருந்து ஆவி பிடித்தன. ஐந்து வட்ட வெளிச்சம். கீழே ஐந்து இடம். வெளிச்சத்தில் யாரும் இல்லை. ஈரம் மட்டும். மூச்சு மட்டும். பல பேருடைய மூச்சு.

ஒரே ஒரு இடம் பாக்கி. நட்சத்திரம் போட்ட இடம்.

அதற்குள் சொல்லிவிட வேண்டும். இப்போதே. அவன் வாயைத் திறந்தான். ஆறு வாரமாக நெஞ்சில் மாட்டியிருந்தது கிழித்துக்கொண்டு வெளியே வந்தது.

"ஹூயா! ஹூயா... வாடா கண்ணு. அப்பா இங்க இருக்கேன். சீக்கிரம் வா!"

முனகல் நின்றது. மூச்சுகள் நின்றன. எல்லோரும் காது கொடுப்பதுபோல.

பின்கதவின் கண்ணாடியில் தட்டும் சத்தம்.

விரல் மோதிரத்தால் தட்டும் தட்டு. டக், டக்கென்று அவசரமாக. பள்ளிவிட்டு வந்ததும், பால் லாரியின் கதவில் அவள் தட்டும் அதே தட்டு.

வெளியிலிருந்து.

"இரும்மா! இதோ வரேன், இதோ!"

பெஞ்சுகளுக்கு நடுவில் ஊர்ந்தான். முழங்கால்கள் மேலே பட்டன. குளிர்ந்த, துணி சுற்றிய முழங்கால்கள், இரண்டு பக்கமும். அவை ஒதுங்கி வழி விட்டன. பின்கதவின் பிடி கைக்கு எட்டும் தூரம்தான்.

வேன் தாழ்ந்தது.

சிவப்பு நட்சத்திரத்துக்குக் கீழே விளக்கு எரிந்தது.

இடம் நிறைந்துவிட்டது. அவன் முகத்துக்குப் பக்கத்தில், அவளுடைய இருக்கையில், யாரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். வெகுநாள் நடந்தவர் உட்கார்ந்தால் விடும் பெருமூச்சு. பின்கதவின் பூட்டு, தானாக, மெல்லக் கீழே இறங்கியது. டிக்.

ரெவி பிடியை இழுத்தான். இழுத்தான். கதவு வரவில்லை. பக்கக் கதவுக்குத் திரும்பி ஊர்ந்தான். பிடி கையோடு வந்தது. கதவு வரவில்லை.

"அது என் பிள்ள" என்றான். "அது என் பிள்ளங்க. கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க. சின்ன இடம் போதும். அவ ஒல்லிதான்."

யாரும் நகரவில்லை.

பேட்டரியின் சிவப்பு வயர் கையருகில் இருந்தது. பிடுங்கினால் எல்லாம் அணையும். இருட்டானால் ஒருவேளை இவர்கள் இறங்கிப் போகலாம். அவன் அதைப் பற்றினான்.

"அப்பா." மழைக்கு நடுவில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சின்னக் குரல். பல் கிட்டித்த குரல். "லைட்ட மட்டும் அணைச்சிடாதப்பா."

அவன் கை அப்படியே நின்றது.

விரல்களுக்கு நடுவே செம்பு நிறம் மாறிக்கொண்டிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க, பேட்டரியின் முனையிலிருந்து பச்சை பூத்து, உறைக்குள் புகுந்து, கூரையை நோக்கி ஏறியது. முன்விளக்கு மங்கி அணைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

இன்னும் எரிந்தது நட்சத்திர விளக்கு ஒன்றுதான். அந்த வெளிச்சம் விழுந்த கண்ணாடியில், வெளிப்பக்கத்தில், ஒரு சிறிய உள்ளங்கை ஐந்து விரலையும் விரித்து அழுந்தியிருந்தது, நடுவிரலில் மோதிரத்தோடு. வெளிச்சம் குறையக் குறைய அது கண்ணாடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.