அகராதியில் இல்லாத பசி

பிரேமலா ஹார்னை ஓங்கி அழுத்தினாள். ஸ்கூடாய் சாலை நெரிசலில் அவளுடைய மைவி கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. மணி ஒன்பதே கால்.

"அக்கா, பத்து மணிக்கு மண்டபத்துல இருக்கணும்!" பின்சீட்டில் மடிக்கணினியைக் கட்டிப்பிடித்தபடி ஜீவன் பதறினான்.

முன்சீட்டில் லியாக்கத் அலி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை நிதானமாகப் பிரித்தார். "பசியாறிட்டு வரேன் லா, இரு."

பிரேமலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். செனாய் தொழிற்சாலையில் சர்க்கியூட் பலகைகளில் பழுது தேடிய இருபத்தைந்து வருடமும், பெல் அடித்ததும், மலேசியப் பேச்சின் அந்த 'லா'வோடு அவர் சொல்லும் வசனம் இதுதான். அவருக்குக் கீழே வேலை பார்த்தவளுக்குத் தெரியாதா? ஓய்வுக்குப் பிறகு அவர் தேடுவது மனிதர்களின் பழுதை.

ஜீவன் கொட்டித் தீர்த்தான். 'சுளகு' அவன் எட்டு வருடமாகக் கட்டிக்காத்த தமிழ்ப் பிழைதிருத்தி. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கும். முந்நூறு பேர் வேலை முடிந்த நேரத்தில் சொற்களைச் சேர்த்தார்கள். தெப்ராவில் கம்பெனி வைத்திருக்கும் திருச்செல்வம் அதை அப்படியே எடுத்து, 'சொல்வேந்தன்' என்று பெயர் வைத்துவிட்டான். போதாததற்கு, ஜீவன்தான் திருடன் என்று புகார் கொடுத்து, நேற்று சுளகின் இணையப் பக்கத்தையும் மூட வைத்துவிட்டான். இன்று தமிழாசிரியர்கள் முன்னால் வெளியீடு.

"எடுக்கட்டும் பாய், எல்லாருக்கும்தானே திறந்து வெச்சோம்? முந்நூறு பேர் பேரை அழிச்சிட்டு, எங்களையே திருடன்ங்கிறான்!"

"யாரு, எப்ப, எந்தச் சொல்லைச் சேர்த்தாங்கன்னு உன்கிட்ட முழுப் பதிவும் இருக்குல்ல?" பிரேமலா குதித்தாள். "தேதியைக் காட்டு, ஆளு காலி!"

"காட்டினேன்க்கா. கம்ப்யூட்டர் தேதியை யாரும் மாத்தலாம்னுட்டான். அவன்கிட்டயும் ஒரு பதிவு இருக்கு, எங்களுக்கு ஒரு வருஷம் முந்தி."

"சொல்லெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சாம்?" என்றார் அலி.

"சென்னையில இருபது புலவருங்க தட்டினாங்களாம்."

அலியின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. "அப்படியா சொன்னான்?" விரலில் ஒட்டிய மிளகாய்ச் சம்பலைத் துடைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் திருச்செல்வம் ஏற்கெனவே முழங்கிக்கொண்டிருந்தான். "சுத்தத் தமிழ்! மலேசியாக்காரங்க கையே படாத பட்டியல்! யாரும் சோதிக்கலாம்!"

அலி மேடையேறினார். அங்கிருந்த கணினியில், சொல்வேந்தனுக்குள் இரண்டு விரலால் தட்டினார். திரையில் எழுந்தது: பசியாறிட்டுவரேன்லா.

சபை கொல்லென்று சிரித்தது. ஆனால் சொல்லுக்கு அடியில் சிவப்புக்கோடு விழவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது.

அலி நடுவில் ஓர் எழுத்தை மாற்றினார். உடனே சிவப்புக்கோடு. திருப்பிப் போட்டார். கோடு மறைந்தது.

"தம்பி, சென்னைப் புலவர் இருபது பேர்ல யாரு 'லா' போட்டுப் பேசுறது?"

"அது... மலேசியாவுக்குன்னு தனியா சேர்த்தோம்..."

"கையே படலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?" அலியின் குரல் உயரவில்லை. "சுளகுல சொல்லுக்கு ஒரு கட்டம், குறிப்புக்கு ஒரு கட்டம். எவனோ ஒரு மடையன், பசி அவசரத்துல குறிப்பைச் சொல் கட்டத்துல அடிச்சிட்டான். இடைவெளியெல்லாம் எடுத்துட்டு நிரல் அதை ஒரே சொல்லா விழுங்கிடுச்சு. தேதியை மாத்தத் தெரிஞ்ச உங்களுக்கு இதை மாத்தத் தெரியல. இருக்குன்னு தெரிஞ்சாத்தானே?"

திருச்செல்வம் மைக்கைக் கீழே வைத்தான்.

முன்வரிசையில் இருந்த ஆசிரியர் சங்கத் தலைவி ராஜம்மா எழுந்தார். "ஜீவன், உங்க சுளகைப் போடுங்க. புகாரு நாளைக்கே வாபஸ் ஆகணும், திருச்செல்வம்."

ஜீவனின் மடிக்கணினியிலிருந்து முந்நூறு பெயர்கள் திரையில் ஏறின. கூலாய் ஊர் லாரி ஓட்டுநர், மருத்துவமனைத் தாதி, மாணவர்கள். "அது என் மக!" என்று யாரோ கத்தினார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பட்டியலின் உச்சியில், பதினோராயிரம் சொற்களோடு, ஒரு புனைபெயர்: கொசு.

வாசலில் ஜீவன் பதிவைத் திறந்து பார்த்தான். "பாய், அந்தப் பிழையும் கொசு போட்டதுதான்! எட்டு வருஷமா இந்த ஆளைத் தேடுறேன், ஒரு நன்றி சொல்ல. ஆமா, ரெண்டு லட்சம் சொல்லுல இதை எப்படிப் பிடிச்சீங்க?"

அலி காரின் கதவைத் திறந்தார்.

"நன்றியெல்லாம் கிடக்கட்டும் லா. அந்தப் பிழையை மட்டும் அழிச்சிடாத. நான் போட்ட பதினோராயிரத்துல உருப்படியானது அது ஒண்ணுதான்."